அமெரிக்கத் துப்பாக்கி உரிமை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கக் குடிமகனின் உரிமையை ஆதரித்து நாங்கள் எழுதியதற்கு வந்த கடிதங்களில் கோபமும் இருந்தது, நியாயமான சந்தேகமும் இருந்தது. அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் கேட்ட நடைமுறைக் கேள்விகளும் இருந்தன. மூன்று வகையிலும் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி (மதுரை வாசகர்): அமெரிக்காவில் எங்கே துப்பாக்கிச்சூடு நடந்தாலும் ‘தானியங்கித் துப்பாக்கியால் சரமாரியாகச் சுட்டான்’ என்று செய்தி வருகிறது. போர்முனை ஆயுதத்தைக் கடையில் விற்பதை எப்படி நியாயப்படுத்துகிறீர்கள்?

அப்படி விற்கப்படுவதே இல்லை. விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சுட்டுக்கொண்டே இருப்பதுதான் தானியங்கித் துப்பாக்கி. 1934-லேயே அதற்குப் பதிவும் 200 டாலர் வரியும் விதித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அது சாமானியன் கட்ட முடியாத தொகை. 1986 மே 19-க்குப் பிறகு பதிவான தானியங்கி எதையும் பொதுமக்கள் வாங்க முடியாது. அதற்கு முன் பதிவானவை மட்டும் கைமாறலாம். விலை பல்லாயிரம் டாலர், அதன்மேல் கைரேகை, புகைப்படம், கூட்டாட்சி அனுமதி எல்லாம் வேண்டும்.

டி.வி.யில் காட்டும் ஏ.ஆர்-15 செமி ஆட்டோமேட்டிக். ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு தோட்டாதான் வரும். உள்ளே நடப்பது இது: விசையை இழுத்ததும் சுத்தி விடுபட்டு ஊசியை அடிக்கிறது, ஊசி தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரைத் தட்டுகிறது. வெடித்த வாயுவில் கொஞ்சம், குழலுக்கு மேலே ஓடும் மெல்லிய குழாய் வழியாகப் பின்னால் வந்து போல்ட் என்ற நகரும் பாகத்தைத் தள்ளுகிறது. காலிக் கூடு வெளியே விழுகிறது. சுத்தி மறுபடி பின்னுக்கு மடங்குகிறது. விரல் இன்னும் விசையை அழுத்திக்கொண்டிருந்தால் டிஸ்கனெக்டர் என்ற சிறு கொக்கி சுத்தியைப் பிடித்து நிறுத்திவிடும். விரலைத் தளர்த்தி மறுபடி இழுத்தால்தான் அடுத்த தோட்டா. விசையை இழுத்தால் ஒரே ஒரு தோட்டா, அடுத்தது தானாக உள்ளே ஏறும் என்ற வகை வேட்டை ரைபிள்கள் 1900-களின் முதல் பத்தாண்டிலேயே அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டன. ஏ.ஆர்-15-இன் வழக்கமான குண்டு 3.6 கிராம். மான் வேட்டைக்குத் தாத்தா காலத்திலிருந்து பயன்படும் ‘தர்ட்டி ஆட் சிக்ஸ்’ ரைபிளின் குண்டு 9.7 கிராம், ஆற்றலும் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அதற்கு மரக்கட்டை இருப்பதால் கேமரா அதைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

1994 முதல் 2004 வரை அமலில் இருந்த தடைச் சட்டமும் இந்தத் தோற்றத்தைத்தான் பிடித்துக்கொண்டது. கழற்றும் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) உள்ள ரைபிளில் பிஸ்டல் பிடி, மடக்குக் கட்டை, பயனெட் மாட்டும் கொக்கி, தீச்சுவாலை மறைப்பான் போன்றவற்றில் இரண்டு இருந்தால் தடை. நிறுவனங்கள் கொக்கியையும் மறைப்பானையும் எடுத்துவிட்டு அதே ரைபிளை விற்றன. சுடும் வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தத் தடை நீதித்துறை அமைச்சகத்துக்காகவே 2004-ல் மதிப்பிடப்பட்டபோது, விளைவு அளவிட முடியாத அளவுக்குச் சிறியதாகவே இருக்கக்கூடும் என்ற முடிவுதான் வந்தது.

2019-ஆம் ஆண்டு எஃப்.பி.ஐ. கணக்கைப் பாருங்கள். ஆயுத விவரம் கிடைத்த கொலைகள் 13,927. அவற்றில் துப்பாக்கியால் 10,258. கைத்துப்பாக்கியால் 6,368, எல்லா வகை ரைபிள்களும் சேர்ந்து 364. எந்த வகைத் துப்பாக்கி என்று பதிவாகாதவை 3,281 உண்டு. அதையும் மறைக்க வேண்டாம். கத்தியால் 1,476. வெறும் கை கால்களால் 600. ரைபிளைத் தடை செய்வதே முதல் வேலை என்று சொல்பவர்கள் இந்தப் பட்டியலை ஒரு முறை முழுக்கப் படிக்க வேண்டும்.

கேள்வி (கோபிச்செட்டிபாளையம் வாசகர்): எங்கள் பக்கத்துக் கரட்டடிபாளையத்தைச் சேர்ந்த பேராசிரியர் லோகநாதன் 2007-ல் வர்ஜீனியா டெக் வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். அந்தக் குடும்பத்தின் முன்னால் நின்று துப்பாக்கி உரிமை பேச முடியுமா?

உங்கள் கேள்விக்குத் தலைவணங்கித்தான் பதில் சொல்ல வேண்டும். 2007 ஏப்ரல் 16-ல் 32 பேரைப் பறிகொடுத்த நாள் அது. அன்று என்ன தவறியது என்பதைத் துல்லியமாகப் பார்ப்பதுதான் இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை.

கொலையாளியிடம் ரைபிள் இல்லை, இரண்டு பிஸ்டல்கள். இரண்டையும் உரிமம் பெற்ற வியாபாரிகள் மூலம், பின்னணிச் சோதனையில் தேறித்தான் வாங்கினான். ஒன்று பிப்ரவரியில், மற்றது மார்ச்சில். மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம் என்ற வர்ஜீனியா சட்டத்துக்கு அப்படியே கீழ்ப்படிந்திருக்கிறான். வளாகத்தில் துப்பாக்கி கூடாது என்ற பல்கலைக்கழக விதியும் இருந்தது. அந்த விதிக்குக் கட்டுப்பட்டு வெறுங்கையோடு இருந்தவர்கள் மாணவர்களும் ஆசிரியர்களும்தான்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. 2005 டிசம்பரிலேயே மனநல விசாரணையில் வர்ஜீனியா நீதி அதிகாரி ஒருவர், இவன் தனக்கே ஆபத்தானவன் என்று தீர்மானித்துக் கட்டாயச் சிகிச்சைக்கு உத்தரவிட்டிருந்தார். 1968-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி அன்றே அவன் துப்பாக்கி வாங்கத் தகுதியற்றவன். ஆனால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் பெயர்களை மட்டுமே மாநிலம் அனுப்பிக்கொண்டிருந்தது; வெளிநோயாளி என்பதால் இவன் பெயர் தேசியச் சோதனைப் பட்டியலுக்குப் போகவே இல்லை. வியாபாரி கேட்டபோது கணினி ‘விற்கலாம்’ என்றது. அந்த ஓட்டையை அடைக்க 2008 ஜனவரியில் வந்த சட்டத்தை, துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைபிள் சங்கமும் ஆதரித்தது. இந்தச் செய்தி எத்தனை பேர் காதில் விழுந்தது?

அதற்குப் பத்தாண்டு கழித்து டெக்சாஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் நடந்த படுகொலையிலும் அதே கதை. மனைவியையும் குழந்தையையும் தாக்கியதற்காக ராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவனின் பதிவை விமானப்படை அனுப்பவில்லை. 2021-ல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் இந்தக் கொலைகளுக்கு அரசே 60 சதவீதம் பொறுப்பு என்றார். அன்று கொலையாளியை எதிர்த்துச் சுட்டு விரட்டியது காவல்துறை அல்ல. பக்கத்து வீட்டிலிருந்து ஏ.ஆர்-15-உடன் வெறுங்காலோடு ஓடிவந்த ஒரு பிளம்பர். இருக்கிற சட்டத்தை அரசு செயல்படுத்தாமல் விட்டதற்கு, குற்றமே செய்யாதவனின் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

கேள்வி (சிகாகோ வாசகி): 911-ஐ அழைத்தால் போலீஸ் வந்துவிடுகிறது. பிறகு வீட்டில் எதற்குத் துப்பாக்கி?

வரும், பெரும்பாலும். ஆனால் உங்களைக் காப்பாற்றும் கடமை சட்டப்படி அவர்களுக்கு உண்டா? வாஷிங்டனில் வீடு புகுந்தவர்களால் பெண்கள் மணிக்கணக்கில் சித்திரவதைக்கு ஆளான வழக்கில், தனிநபரைக் காக்கும் சட்டக் கடமை காவல்துறைக்கு இல்லை என்று 1981-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கொலராடோவின் காஸில் ராக்கில் ஒரு தாய் நீதிமன்றத் தடையாணையைக் கையில் வைத்துக்கொண்டு, கணவன் மூன்று மகள்களையும் கொண்டுபோய்விட்டான் என்று இரவு முழுக்கப் போலீஸிடம் மன்றாடினார். மூன்று பேரும் கொல்லப்பட்டார்கள். அந்தத் தடையாணையைப் போலீஸ் அமல்படுத்த வேண்டும் என்று கேட்க அவருக்கு அரசியல் சாசன உரிமை இல்லை என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்பளித்தது.

உங்கள் நகரத்திலேயே இதற்கு இன்னொரு சான்று இருக்கிறது. சிகாகோ 1982 முதல் கைத்துப்பாக்கியைத் தடுத்து வைத்திருந்தது. பலமுறை திருடர்கள் புகுந்த வீட்டில் வாழ்ந்த ஓட்டிஸ் மெக்டொனால்ட் என்ற கறுப்பின முதியவர் வழக்குப் போட்டார். 2010-ல் வென்றார். அந்தத் தீர்ப்பால்தான், ஆயுத உரிமையைத் தரும் அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம் மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்துகிறது.

அனுமதி கொடுப்பதை அதிகாரியின் மனசுக்கு விட்டால் யார் பாதிக்கப்படுவார்கள் என்பதற்கு 1956-ஐப் பாருங்கள். வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் அலபாமாவில் துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். ‘தகுந்த காரணம்’ காட்டச் சொல்லும் இதே மாதிரி நியூயார்க் விதியைத்தான் 2022-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

தற்காப்புக்குத் துப்பாக்கி எத்தனை முறை உதவுகிறது என்பதில் கணக்குகள் வெகுவாக மாறுபடும். தனியார் கணிப்புகள் ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டுகின்றன. அதை ஏற்க வேண்டாம்; அரசின் குற்றப் பாதிப்பு ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007 முதல் 2011 வரை ஆண்டுக்குச் சுமார் 67,000. ஒரு நாளைக்கு 180க்கு மேல். பெரும்பாலும் ஒரு தோட்டாவும் வெடிக்காமல் முடிந்துவிடும் என்பதால் அது செய்தியாவதில்லை.

கேள்வி (திருச்சி வாசகர்): ஆண்டுக்கு அறுநூறுக்கு மேல் கூட்டுப் படுகொலைகள் நடக்கின்றன என்கிறார்களே?

அந்த எண்ணை வைத்திருப்பது கன் வயலன்ஸ் ஆர்கைவ் என்ற அமைப்பு. சுட்டவனைத் தவிர்த்து நான்கு பேர் மீது குண்டு பட்டால் அது பட்டியலில் சேரும். ஒருவரும் இறக்காவிட்டாலும் சேரும். 2023-ல் இப்படி 650க்கு மேல். இதில் பெரும்பகுதி நள்ளிரவுச் சண்டை, கும்பல் பகை. நீங்கள் மனத்தில் கற்பனை செய்வது கடைக்குள் புகுந்து கண்ணில் பட்டவரையெல்லாம் சுடுபவனை. அந்த வகையை எஃப்.பி.ஐ. தனியாக எண்ணுகிறது: அதே 2023-ல் 48. இரண்டும் வேதனைதான். ஆனால் முதல் எண்ணைச் சொல்லிக்கொண்டே இரண்டாவதன் படத்தைக் காட்டுவது வாசகனை ஏமாற்றுவது.

பள்ளிகள் விஷயம் இன்னும் மோசம். 2015-16 கல்வியாண்டில் ஏறத்தாழ 240 பள்ளிகளில் துப்பாக்கிச்சூடு நடந்ததாகக் கல்வித் துறை அறிக்கை வெளியிட்டது. என்.பி.ஆர். வானொலி நிருபர்கள் பள்ளி பள்ளியாக விசாரித்து 2018-ல் வெளியிட்டார்கள்: உறுதி செய்ய முடிந்தவை 11. பல இடங்களில் படிவத்தில் தவறான கட்டத்தை நிரப்பியிருந்தார்கள். ஊடகங்களைக் குறை சொல்லும் நாங்கள் இந்த வேலையைப் பாராட்டியே தீர வேண்டும். எல்லாரும் இப்படிச் செய்தால் எங்களுக்கு எழுத வேலையே இருக்காது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1993 முதல் 2010 வரை துப்பாக்கிக் கொலை விகிதம் 49 சதவீதம் குறைந்ததாக பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. 2013-ல் மக்களிடம் கேட்டபோது, குறைந்திருக்கிறது என்று சரியாகச் சொன்னவர்கள் 12 சதவீதம். கூடியிருக்கிறது என்றவர்கள் 56 சதவீதம். இந்தத் தவறான எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

கேள்வி (கோவை வாசகர்): 2024-ல் உச்ச நீதிமன்றம் இயந்திரத் துப்பாக்கியை அனுமதித்துவிட்டதாமே?

இல்லை. சுடும்போது வரும் பின்னதிர்வைப் பயன்படுத்தி விசையை வேகமாக மறுபடி மறுபடி இழுக்க வைக்கும் பம்ப் ஸ்டாக் என்ற துணைக்கருவி 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களுக்குள் வராது என்றுதான் 6-3 என்று தீர்ப்பு வந்தது. அதிகாரிகள் விதி போட்டுச் சட்டத்தை நீட்ட முடியாது. வேண்டுமானால் காங்கிரஸ் சட்டம் இயற்றட்டும் என்பதே பொருள். இயந்திரத் துப்பாக்கிக் கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது.

கேள்வி (டாலஸ் வாசகர்): எச்-1பி விசாவில் இருக்கிறேன். வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி வாங்கலாமா? நண்பர்கள் ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூப்பிடுகிறார்கள்.

இதைக் கவனமாகப் படியுங்கள். இந்த விஷயத்தில் நம்மவர்கள் தெரியாமலே கூட்டாட்சிக் குற்றத்தில் காலை வைக்கிறார்கள்.

கிரீன் கார்டு இருந்தால் கூட்டாட்சிச் சட்டம் தடுக்காது. எச்-1பி, எச்-4, எஃப்-1, சுற்றுலா விசா எல்லாம் ‘குடியேற்றமற்ற’ வகை; வாங்குவது மட்டுமல்ல, துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே தடை. ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியை ஒரு மணி நேரம் பிடிப்பதும் இதில் அடக்கம். விதிவிலக்குகள் சில உண்டு. உங்களுக்குப் பயன்படக்கூடியது ஒன்றே: அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ்.

டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பை முடிக்க வேண்டும். பிறகு லைசென்ஸ் வாங்குங்கள். கடைக்கு அதனுடன் பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) எண், இப்போதைய முகவரி உள்ள மாநில அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துச்செல்லுங்கள். வீடு மாறி டிரைவிங் லைசென்ஸில் பழைய முகவரி இருந்தால் வியாபாரி திருப்பி அனுப்புவார். 4473 என்ற படிவத்தை நீங்களே நிரப்ப வேண்டும். குடியுரிமைக் கேள்வியில் ‘விதிவிலக்கு உண்டு’ என்ற கட்டத்தைத் தவறவிட்டால் விற்பனை நின்றுவிடும். கஞ்சா பற்றிய கேள்வியும் உண்டு. மாநிலத்தில் அது சட்டபூர்வமானது என்பது கூட்டாட்சிப் படிவத்தில் செல்லாது. அந்தப் படிவத்தில் பொய் சொல்வதே தனிக் குற்றம்.

வாங்கிய பிறகுதான் உண்மையான ஆபத்து. டெக்சாஸ் ஆண்டு லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ல் முடியும். புதுப்பிக்காமல் செப்டம்பர் 1 விடிந்தால், பெட்டிக்குள் தூங்கும் துப்பாக்கியே சட்டவிரோதம். அதேபோல வேலை போய், அறுபது நாள் அவகாசமும் முடிந்து, விசா தகுதி இழந்தால் வேட்டை லைசென்ஸ் காப்பாற்றாது. அதற்கு முன்பே துப்பாக்கியை வியாபாரியிடம் விற்றுவிடுங்கள். ஃபுளோரிடாவில் படிப்பு நின்று மாணவர் விசா தகுதி போன பிறகு ரேஞ்சில் சுட்ட அமீரக மாணவர் மீது வழக்குப் போட்டார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றம், தகுதி போனது அவருக்குத் தெரியும் என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்று சொல்லித் தண்டனையைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம்வரை போக உங்களுக்கு வசதி இருக்கிறதா என்று யோசியுங்கள். சில மாநிலங்களின் சட்டம் இதைவிடக் கடுமை. மாநிலம் மாறும் முன் அங்குள்ள வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி (அட்லாண்டா வாசகர்): தம்பிக்கு நான் வாங்கிக் கொடுக்கலாமா?

உங்கள் சொந்தப் பணத்தில் பரிசாகத் தரலாம். அவர் சட்டப்படி வைத்திருக்கத் தகுதியுள்ளவராகவும் உங்கள் மாநிலத்திலேயே வசிப்பவராகவும் இருக்க வேண்டும். அவர் பணம் கொடுத்து, நீங்கள் ‘எனக்காக வாங்குகிறேன்’ என்று படிவத்தில் எழுதினால் அது பினாமிக் கொள்முதல். மாமாவுக்காக அப்படி வாங்கிய முன்னாள் போலீஸ்காரர் ஒருவரின் தண்டனையை, மாமாவும் தகுதியுள்ளவர்தான் என்றபோதும், 2014-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

கேள்வி (சேலம் வாசகி): ஆன்லைனிலும் கண்காட்சியிலும் சோதனையே இல்லாமல் வாங்கலாம் என்று படித்தேன்.

வியாபாரியிடம் ஆன்லைனில் பணம் கட்டினாலும் துப்பாக்கி உங்கள் வீட்டுக்கு வராது. உள்ளூர் உரிமதாரரிடம்தான் வரும். அங்கே படிவம், சோதனை எல்லாம் உண்டு. கண்காட்சியில் கடை போட்ட வியாபாரிக்கும் அதே விதி. ஒரே மாநிலத்தில் இரு தனிநபர்கள் விற்று வாங்கும்போதுதான் கூட்டாட்சிச் சோதனை கட்டாயமில்லை. பல மாநிலங்கள் அதையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. நீதித்துறை அமைச்சகம் 2016-ல் கைதிகளிடம் எடுத்த ஆய்வில், குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தவர்களில் கண்காட்சியில் வாங்கியவர்கள் 0.8 சதவீதம். தெருவிலும் கள்ளச்சந்தையிலும் வாங்கியவர்கள் 43 சதவீதம்.

கேள்வி (சென்னை வாசகர்): 1791-ல் எழுதியது படைவீரர்களுக்காக, அதுவும் மஸ்கட் துப்பாக்கிக் காலத்தில். இன்றைக்கு அது எப்படிப் பொருந்தும்?

இரண்டாம் திருத்தம் படையைக் காரணமாகச் சொல்கிறது. உரிமையை ‘மக்களுக்கு’த் தருகிறது. முதல் திருத்தத்திலும் நான்காம் திருத்தத்திலும் ‘மக்கள்’ என்றால் தனிமனிதர்கள் என்று ஒப்புக்கொள்பவர்கள் நடுவில் மட்டும் பொருளை மாற்ற முடியாது. 2008-ல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. உரிமைக்கு எல்லை உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது: கடுங்குற்றவாளிகள், மனநலம் குன்றியவர்கள், பள்ளி, அரசு அலுவலகம் போன்ற இடங்கள். 2024-ல் குடும்ப வன்முறைக்காகத் தடையாணை விதிக்கப்பட்டவனின் துப்பாக்கியைப் பறிக்கலாம் என்றும் 8-1 என்று தீர்ப்பு வந்தது. நாங்கள் அதை வரவேற்கிறோம். நீதிபதி முன் விசாரணை நடந்து ஆபத்தானவன் என்று முடிவான ஆளைப் பற்றியது அது.

மஸ்கட் வாதம் 2016-ல் முடிந்துபோனது. மின்னதிர்ச்சிக் கருவி 1791-ல் இல்லை, ஆகவே பாதுகாப்பு இல்லை என்று மாசசூசெட்ஸ் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது. வன்முறைக் காதலனுக்குப் பயந்து அதை வைத்திருந்த ஒரு பெண்ணின் வழக்கு அது.

கேள்வி (சான் ஹோசே வாசகி): தற்கொலைகளைப் பற்றி நீங்கள் பேசுவதே இல்லை. வீட்டில் இரண்டு குழந்தைகள் வேறு.

பேச வேண்டியதுதான். 2023-ல் துப்பாக்கியால் இறந்த 46,728 பேரில் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். இதை உரிமை பேசுபவர்கள் ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது. வீட்டில் யாராவது மனமுடைந்திருந்தால் துப்பாக்கி அந்த வீட்டில் இருக்க வேண்டாம். சில துப்பாக்கிக் கடைகளும் காவல் நிலையங்களும் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும். கலிஃபோர்னியாவில் கைமாற்ற விதி கடுமையானது என்பதால் முதலில் கடையைக் கேளுங்கள். இதை உரிமையாளரே, குடும்பத்தின் பேச்சைக் கேட்டுச் செய்யும்போது பலன் அதிகம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் ‘உயரமான அலமாரி’ பாதுகாப்பே அல்ல. சுவரிலோ கட்டிலிலோ போல்ட் போட்டு இறுக்கிய எஃகுப் பெட்டி வேண்டும். கைரேகைப் பெட்டி ஈர விரலிலும் காய்ந்த விரலிலும் ஏமாற்றும், மின்கலம் தீர்ந்தாலும் திறக்காது. மின்கலம் வேண்டாத, பொத்தான் எண் பூட்டு உள்ளதே மேல். எண்ணாகப் பிறந்தநாள் வைக்காதீர்கள். குழந்தைகள் முதலில் அதைத்தான் அழுத்துவார்கள். கடையில் வாங்கும் கைத்துப்பாக்கியோடு பூட்டு ஒன்று தரவேண்டும் என்பது சட்டம். கேபிள் பூட்டு என்றால் அதைக் கூடு வெளியேறும் வாய் வழியாக நுழைத்து மேகசின் துளை வழியாக வெளியே எடுங்கள். ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) மூடாமல் நிற்கும். விசை வளையத்தில் மாட்டுவது தவறு.

தோட்டாவை இறக்கும் வரிசையில்தான் நிறையப் பேர் பிழை செய்கிறார்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விரலை விசைக்கு வெளியே வைத்து, முதலில் மேகசினைக் கழற்றுங்கள். பிறகு ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து அறையில் இருக்கும் தோட்டாவை வெளியேற்றுங்கள். ஸ்லைடைத் திறந்தபடி பூட்டிக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலால் தடவியும் பாருங்கள். வரிசையை மாற்றி முதலில் ஸ்லைடை இழுத்தால், ஒரு தோட்டா வெளியே விழும், மேகசினிலிருந்து இன்னொன்று அறைக்குள் ஏறிவிடும். அதன்பின் மேகசினைக் கழற்றிவிட்டுக் ‘காலி’ என்று நம்புவார்கள். விபத்து இப்படித்தான் நடக்கிறது.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): ஆஸ்திரேலியா 1996-ல் மக்களிடமிருந்து துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கியதுபோல அமெரிக்காவும் செய்தால் என்ன?

ஆஸ்திரேலியா திரும்ப வாங்கியது சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகள். அமெரிக்க மக்களிடம் இருப்பது, 2018-ல் வந்த ஒரு சர்வதேசக் கணிப்பின்படி, 39 கோடிக்கு மேல். சாதாரணத் துப்பாக்கிகளில் யாரிடம் எது இருக்கிறது என்ற பதிவேடு வைப்பதையே 1986 சட்டம் கூட்டாட்சி அரசுக்குத் தடை செய்திருக்கிறது. ஒப்படைக்க வரிசையில் நிற்பவர்கள் சட்டத்துக்குக் கட்டுப்படுபவர்கள், கள்ளத்துப்பாக்கிக்காரன் வரமாட்டான். ஆஸ்திரேலியாவில் அரசியல் சாசன உரிமையும் இல்லை.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி வாசகர்): காரிலும் விமானத்திலும் எடுத்துச்செல்வது எப்படி? ஊருக்கு வரும்போது ஏதாவது சிக்கல் உண்டா?

புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அது உங்களுக்குச் சட்டபூர்வம் என்றால், நடுவில் உள்ள மாநிலங்களைக் கடக்கக் கூட்டாட்சிப் பாதுகாப்பு உண்டு. தோட்டா இறக்கியிருக்க வேண்டும்; துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டாத இடத்தில், டிக்கியில் இருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில். டாஷ்போர்டு அறை கணக்கில் வராது. இது கடந்து செல்லத்தான். இரவு தங்கினால் பாதுகாப்பு போய்விடக்கூடும்.

விமானத்தில் கடினமான பூட்டிய பெட்டியில், தோட்டா இறக்கி, கவுண்டரில் சொல்லி, செக்-இன் பெட்டியாக மட்டுமே அனுப்பலாம். நியூ ஜெர்சியில் இன்னொரு எச்சரிக்கை: 2005-ல் யூட்டாவிலிருந்து வந்த பயணி ஒருவர் நியூவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, பெட்டியைப் பெற்றுக்கொண்டு ஓட்டலில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் முறையாகச் சொல்லப்போய்க் கைதானார். நஷ்டஈட்டு வழக்கிலும் தோற்றார். ஆகவே அங்கே விமானம் தவறினால் துப்பாக்கிப் பெட்டியைக் கையில் வாங்காதீர்கள். விமான நிறுவனமே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஊருக்கு வரும்போது, ரேஞ்சுக்கு ஒரு முறை கொண்டுபோன பையைக்கூடப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். தையல் மடிப்பில் ஒளிந்த ஒற்றைத் தோட்டா இந்திய விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டம் 25-ஆம் பிரிவில் வழக்கு. ‘தெரிந்தே வைத்திருக்கவில்லை’ என்று உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்ய வழியுண்டு, ஆனால் அதற்குள் விடுமுறையும் வேலையும் போய்விடும்.

கேள்வி (ஃப்ரீமாண்ட் வாசகர்): புதிய கட்டுப்பாடுகளை எதிர்க்க விரும்புகிறேன். விசாவில் இருப்பவன் என்ன செய்ய முடியும்?

கூட்டாட்சி அமைப்பு விதி மாற்றத்தை முன்வைத்தால் பொதுக் கருத்துக் காலம் அறிவிக்கும். குடியுரிமை இல்லாதவர்களும் எழுதலாம். அச்சடித்த மாதிரிக் கடிதத்தை அனுப்பாதீர்கள். ஆயிரம் வந்தாலும் ஒன்றாகவே எடைபோடுவார்கள். ஆவண எண், எந்தப் பத்தி, அதில் எந்தச் சொல் தெளிவில்லை, அதனால் உங்களுக்கு என்ன செலவு என்று எழுதுங்கள். பிஸ்டலைக் கையோடு பிணைத்துத் தாங்கும் பிரேஸ் என்ற துணைக்கருவி மீதான 2023 விதியை டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அடுத்த ஆண்டு ரத்து செய்தபோது, விதி முறையாக இயற்றப்பட்டதா, தெளிவாக இருக்கிறதா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

நாளிதழில் தவறு கண்டால் ஆசிரியருக்கு அன்றே எழுதுங்கள்: அச்சான வரி, சரியான தகவல், அதற்கான அரசு ஆவணம், நூறு சொற்களுக்குள். பக்கச்சார்பு என்று திட்டினால் குப்பைக்குப் போகும். ‘செமி ஆட்டோமேட்டிக்கைத் தானியங்கி என்று எழுதியிருக்கிறீர்கள்’ என்றால் திருத்தம் வர வாய்ப்புண்டு. உரிமை அமைப்புகளில் உறுப்பினராகச் சேரலாம். ஆனால் கிரீன் கார்டு இல்லாதவர் எந்த வேட்பாளருக்கும், கட்சிக்கும், தேர்தல் நிதிக் குழுவுக்கும் ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. நகராட்சித் தேர்தலுக்கும் இதே தடைதான். உரிமை அமைப்பின் இணையதளத்திலேயே அதன் தேர்தல் நிதிக்குத் தனிப் பொத்தான் இருக்கும். உறுப்பினர் கட்டணம் கட்டும்போது அதை அழுத்திவிடாதீர்கள்.